பயிற்சி நடக்கும் மாதங்களிலும் அடுப்பு எரிய: வேலைப் பயிற்சியையும் அரசு உதவியையும் ஒன்றாகக் கோத்துத் திட்டமிடும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்னும் ஊரில், ஒரு கோயில் மண்டபத்தின் ஓரமாக, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, வேலை இழந்தவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரும் தொண்டர்களில் நானும் ஒருவன். பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் திரும்பியவர்களை விட, இடம் கிடைத்து, ஆசையோடு சேர்ந்து, மூன்றாவது வாரத்திலோ இரண்டாவது மாதத்திலோ நின்றுபோனவர்களைத்தான் அந்த மேசையில் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் பாடம் புரியாமல் நின்றவர்கள் அல்லர். வீட்டு வாடகை, பிள்ளையின் பால் மாவு, மோட்டார் சைக்கிளின் மாதத் தவணை ஆகிய மூன்றில் ஒன்றுதான் அவர்களைப் பிடித்து இழுத்தது. கிடைத்த கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். பயிற்சி பாதியில் நின்றது.

இதற்குக் காரணம் உதவி இல்லாமை அன்று. உதவிகள் சிதறிக் கிடப்பதே காரணம். வேலைப் பயிற்சியும் வேலைக் காப்புறுதியும் மனிதவள அமைச்சின் கீழ் வருகின்றன. மாதாந்தர நல உதவிகளைச் சமூக நல இலாகா தருகிறது; அது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தது. ரஹ்மா ரொக்க உதவியான எஸ்.டி.ஆரை உள்நாட்டு வருமான வாரியம் கவனிக்கிறது. ஏழ்மைக் குடும்பங்களின் தேசியப் பட்டியலான இகாசே பிரதமர் துறையின் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் இருக்கிறது. நான்கு முகப்பிடங்களுக்கும் நான்கு நாள்காட்டிகள். “பயிற்சிக்குப் போகும் மூன்று மாதம் வீட்டை எப்படி நடத்துவீர்கள்?” என்ற கேள்வியை எந்த முகப்பிடத்திலும் எவரும் கேட்பதில்லை, அதைக் கேட்பது அவர்களில் எவருடைய வேலையாகவும் வகுக்கப்படவில்லை. ஆகவே, கோக்கும் வேலையைக் குடும்பமோ, குடும்பத்துக்குத் துணை நிற்பவரோதான் செய்ய வேண்டியிருக்கிறது. அதை எந்த வரிசையில் செய்தால் பயன் தரும் என்பதையே இங்கே எழுதுகிறேன். வேலை இழந்தவர் தாமாகவும் இதைப் பின்பற்றலாம். கோயில், சங்கம், குடியிருப்பாளர் குழு ஆகியவற்றின் சார்பில் உதவ முன்வருவோரும் பின்பற்றலாம்.

முதலில் ஒரு தாள்

எந்தப் பாரத்தையும் தொடுவதற்கு முன், ஒரு முழுத்தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரையும், அடையாள அட்டையில் இருக்கிற எழுத்துக்கூட்டல் மாறாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே வயது, வேலை, கடைசிச் சம்பளம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பங்களிப்பு உண்டா, உடல்நலக் குறை உண்டா, இப்போது எந்த உதவி வருகிறது என்று கட்டங்கள் போடுங்கள். வேலை இழந்தவரை மட்டும் விசாரித்துவிட்டு முடித்துக்கொள்வதுதான் தொண்டர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. உதவியில் பெரும்பகுதி அவருக்கு வருவதில்லை. அவர் வீட்டிலுள்ள முதியவருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், நோயாளிக்கும்தான் வருகிறது. அவர் பயிற்சியில் இருக்கும்போது வீட்டைத் தாங்குவது அந்தப் பணம்தான்.

பெயர் விஷயத்தைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெயர்களில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதற்கு மலாய்ச் சுருக்கமாக வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்ற இரண்டு குறிகள் செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. அடையாள அட்டையில் ‘ஏ/பி’ இருக்கும். வங்கிக் கணக்கில் அது விடுபட்டிருக்கும். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் வேறொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். கண்ணுக்கு ஒரே பெயராகத் தோன்றினாலும் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பணம் அங்கீகரிக்கப்பட்டும் கணக்கில் சேராமல் திரும்பிப் போன சம்பவங்களைத் தேடிப் பார்த்தால், பல வேளைகளில் காரணம் இவ்வளவுதான். எனவே அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகிய நான்கையும் மேசைமீது அருகருகே பரப்பி, பெயர்களை விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கு செயலிழந்து கிடக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் குடியுரிமைப் பத்திரச் சிக்கல் இருந்தால், அதைத் தனியாகத் தேசியப் பதிவிலாகாவில் தொடங்கிவிட்டு, மற்றவர்களின் விண்ணப்பங்களை நிறுத்தாமல் நகர்த்துங்கள்.

அதே தாளின் பின்பக்கம் மாதச் செலவை எழுதுங்கள். மனத்தில் உள்ள தொகையை எழுதாமல், கடந்த மாதம் உண்மையில் கையை விட்டுப் போன தொகையை எழுதுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்தத் தொகையின் மேல்தான் நிற்கிறது.

வேலை எப்படிப் போயிற்று?

இரண்டாவது கேள்வி, வேலை எவ்வாறு முடிவுக்கு வந்தது என்பது. 2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 800, 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. சம்பளத்தில் முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு என்று மாதந்தோறும் சொக்சோவுக்குச் செலுத்தும் பங்களிப்பு இதற்கானதே. இந்தத் திட்டத்தை மலாய்ச் சுருக்கத்தில் எஸ்.ஐ.பி. என்பார்கள். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், நிறுவனம் முன்வந்து அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம் ஆகியவற்றால் வேலை இழந்தவர்களுக்கு இது கைகொடுக்கும். தாமாக வேலையை விட்டவர், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர், பணி ஓய்வு பெற்றவர், காலவரையறை ஒப்பந்தம் இயல்பாக முடிந்தவர் ஆகியோருக்கு இல்லை. நம்மவர்கள் பலர் ஏஜென்சி வழியாகக் குறுகிய ஒப்பந்தங்களில் தொழிற்சாலை வேலை செய்கிறார்கள் என்பதால், இந்தக் கடைசி விலக்கு பலரை வெளியே தள்ளிவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தின் அரையாண்டுச் சாப்பாட்டைத் தட்டிப் பறித்துவிடும். ஒரு சகோதரி மேசைக்கு வந்து சொன்னார்: “அண்ணே, ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு லெட்டர்ல சைன் போடச் சொன்னாங்க. போட்டாத்தான் கடைசி மாசச் சம்பளம் சீக்கிரம் வரும்னாங்க.” அந்தக் கடிதத்தில் மலாய் மொழியில் இரண்டே வரிகள் இருந்தன. இரண்டாவது வரியில் ‘மெலெத்தாக் ஜவாத்தான்’ என்று இருந்தது, அதாவது பணி விலகல். அவருடைய பிரிவு முழுவதும் மூடப்பட்டிருந்தது. ஆயினும் தாளின்படி அவர் தாமாக விலகியவர் ஆகிவிட்டார். ஆட்குறைப்பு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விலகல் கடிதம் கேட்டால் கையெழுத்திடாதீர்கள். கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அவகாசம் கேட்டு, மாவட்டத் தொழிலாளர் இலாகாவில் காட்டுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவரும் பிரிவு மூடப்பட்டதற்கான சுற்றறிக்கை, உடன் வேலை செய்தவர்களின் கடிதங்கள் போன்றவற்றைத் திரட்டிக்கொண்டு அங்கே சென்று விளக்கலாம்.

எஸ்.ஐ.பி. கோரிக்கையை வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை நான் கடைசிச் சம்பளம் வந்த தேதியிலிருந்து நாளை எண்ணி, ஒருவருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்கு தொடங்க வேண்டியது வேலை முடிந்த நாளிலிருந்து. அவர் திரும்பி வந்தபோது கெடு கடந்திருந்தது. அன்றிலிருந்து, தாளின் மேல்மூலையில் வேலை முடிந்த தேதியையும் அறுபதாம் நாளின் தேதியையும் சிவப்பு மையில் எழுதிய பிறகுதான் மற்ற எதையும் பேசுகிறேன்.

முதல் முறை கோருபவர், வேலை இழப்பதற்கு முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் பங்களித்திருக்க வேண்டும். பணிநிறுத்தக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு சொக்சோவின் இணையத்தளத்திலோ அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். கூடவே வேலை தேடுவோருக்கான மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். வேலை தேடியதற்கான பதிவு மாதந்தோறும் வேண்டும் என்பதால், எந்த நிறுவனத்துக்கு எந்த நாளில் விண்ணப்பித்தீர்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவது நல்லது.

மாதக் கணக்கு

இனி வருவது இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தபடி, வேலை தேடும் காலத்துக்கான படித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்கள் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்கள் 30 விழுக்காடு. பங்களித்த மாதங்களைப் பொறுத்து இது 3 முதல் 6 மாதம் வரை கிடைக்கும். இது இறங்குபடிக்கட்டு. முதல் மாதம் கையில் ஓரளவு பணம் இருப்பதால் ‘கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு பிறகு பயிற்சியைப் பார்க்கலாம்’ என்று தோன்றும். அப்படித் தள்ளிப்போட்ட பயிற்சிதான் பெரும்பாலும் பாதியில் நிற்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,900 ரிங்கிட் வாங்கியவர், மூன்றாண்டு வேலை செய்து ஆட்குறைப்பில் வெளியேறினார் என்று வையுங்கள். படித்தொகை ஏறத்தாழ 1,520, 950, 760, 760, 570, 570 என்று வரும். வீட்டுச் செலவு, வாடகை உட்பட, மாதம் 1,650 ரிங்கிட். அப்படியானால் துண்டு விழும் தொகை முதல் மாதம் 130, இரண்டாம் மாதம் 700, மூன்றாம் நான்காம் மாதங்கள் தலா 890, அதன் பிறகு மாதத்துக்கு 1,080.

இவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் உண்டு. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாத, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு, 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, இரண்டாண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரப்பட வேண்டும். நம் மாதிரியில் 45 நாள் சம்பளம், அதாவது தோராயமாக 2,850 ரிங்கிட். அதைத் துண்டு விழும் தொகைக்கு மட்டுமே எடுப்பது என்று குடும்பம் முடிவு செய்தால், முதல் மூன்று மாதத்துக்கு 1,720 போக, 1,130 மிஞ்சும். மூன்று மாதப் பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்கியவர் சான்றிதழோடு வெளியே வரும்போது நான்காம் மாதத்தையும் தாங்கும் பணம் கையில் இருக்கும். அதே பயிற்சியை மூன்றாம் மாதத்தில் தொடங்கியவருக்கு, ஐந்தாம் மாதத்தின் முதல் வாரத்தில் பணம் தீர்ந்துவிடும். பயிற்சியில் இன்னும் மூன்று வாரம் மீதி இருக்கும். இருவருக்கும் கிடைத்த உதவி ஒன்றே. தொடங்கிய மாதம் மட்டுமே வேறு.

இழப்பீடு கையில் வந்தவுடன் உறவினர் கடன் கேட்பதும், பழைய தவணைகளை ஒரேயடியாக அடைத்துவிடத் தோன்றுவதும் இயற்கை. வட்டி ஏறும் கடனை அடைப்பது சரிதான். ஆனால் துண்டு விழும் தொகையைக் கணக்கிட்டு ஒதுக்கிய பிறகு அடையுங்கள். இந்த வரிசையை வீட்டுக்காரர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். தாளைப் பார்த்த மாமியார் ஒருவர், தம் முதியோர் உதவித்தொகையிலிருந்து பேரனின் பள்ளி வேன் கட்டணத்தை மூன்று மாதம் தாமே கட்டுவதாக முன்வந்ததைப் பார்த்திருக்கிறேன். கணக்கை மறைத்து வைத்திருந்தால் அப்படியொரு வழி பிறந்திருக்காது.

பயிற்சிக் கட்டணத்தையும் எஸ்.ஐ.பி. ஏற்கும், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாட்டில் அதன் உச்சவரம்பு 4,000 ரிங்கிட். பயிற்சிக்கு வந்த நாள்களுக்கு நாள்கணக்கில் சிறு படித்தொகையும் உண்டு. ஆனால் பயிற்சி சொக்சோவின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். தாமாக ஓரிடத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று எண்ணிவிடாதீர்கள். விகிதங்கள் சட்டத் திருத்தங்களால் மாறக்கூடியவை என்பதால், உங்கள் கோரிக்கைக்குப் பொருந்தும் அளவுகளை முதல் சந்திப்பிலேயே அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

எந்தப் பயிற்சி?

பயிற்சியைத் தேர்வதில் முதலில் தூரத்தைப் பாருங்கள், பிறகு காலத்தை, அதன் பிறகே பெயரை. பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவர் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாசில் உள்ள பயிற்சிக்குத் தினமும் போய்வருவது எளிதன்று. 2019 ஜனவரி முதல் பினாங்குப் பாலத்திலும் இரண்டாம் பாலத்திலும் மோட்டார் சைக்கிள்களுக்குச் சாலைக் கட்டணம் இல்லை என்பது உதவிதான். இருந்தாலும் எண்ணெய், மழை, மாலை நெரிசல் எல்லாம் இருக்கின்றன. சேர்வதற்கு முன் ஒருநாள், வகுப்பு தொடங்கும் அதே நேரத்துக்குப் போய்ச் சேரும்படி அந்த வழியில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். மூன்றாவது வாரத்தில் நிற்பவர்களில் கணிசமானோர் இதைச் செய்யாதவர்கள்.

பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இருப்பவர்களுக்கு அருகிலேயே நல்ல இடங்கள் உண்டு. புக்கிட் மின்யாக்கில் ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகமும், நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் தாங்கிய தொழிற்பயிற்சிக் கழகமும் மனிதவள இலாகாவைச் சேர்ந்தவை. தீவில் 1989இல் நிறுவப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளின் தேவையை ஒட்டியே வகுப்புகளை நடத்துகிறது. சமையல், தையல், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு போன்ற சிறு வகுப்புகளுக்குச் சமூகக் கல்லூரிகள் பொருத்தமானவை.

எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ இறுதித் தேர்வை முடிக்காதவர்கள் ‘எங்களை எங்கே சேர்ப்பார்கள்’ என்று தயங்குவார்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.மின் முதல் நிலைக்கு எழுத, படிக்க, கணக்கிடத் தெரிந்தால் போதும். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அந்தச் சான்றிதழைப் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மையத்தில் சேர்ந்து பயில்வது ஒன்று. எல்லாரும் அறிந்தது அதுதான். இரண்டாவது, எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறை. இதில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு நிறுவனத்திலேயே, வேலையோடு வேலையாக நடக்கும். நிறுவனம் படித்தொகை தரும். கையில் சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு முதலில் தேட வேண்டியது இதைத்தான், ஏனென்றால் பயிற்சியையும் வருமானத்தையும் நாமாகக் கோக்க வேண்டிய சிரமம் இதில் குறைவு.

மூன்றாவது வழி, பி.பி.தி. என்ற முன்னனுபவ அங்கீகாரம். பதினைந்து ஆண்டு வெல்டிங் செய்தவர், கல்யாணச் சமையலில் ஊறியவர், லோரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுபவர் ஆகியோர் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். இதை அறியாமல், தெரிந்த தொழிலையே முதல் நிலையிலிருந்து மறுபடி படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாமார்களின் பழைய வேலைக் கடிதங்கள், நிறுவன அட்டைகள், வேலைத்தளப் படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது இதற்காகவே.

எஸ்.ஐ.பி. கிடைக்காதவர்களுக்கு

தினக்கூலி, வீட்டு வேலை, சொந்தச் சிறு வியாபாரம் என்று எஸ்.ஐ.பி. பங்களிப்பே இல்லாதவர்களுக்கும், முன்சொன்ன விலக்குகளில் சிக்கியவர்களுக்கும் வரிசை தலைகீழ். அவர்கள் உதவியை முதலில் உறுதி செய்துகொண்டு, பயிற்சியைப் பிறகு தொடங்க வேண்டும். ஏனெனில் சமூக நல இலாகாவின் மாதாந்தர உதவிக்கு விண்ணப்பித்தால், அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து, அறிக்கை எழுதி, அது அங்கீகரிக்கப்பட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். இகாசேயிலும் அப்படித்தான், பெயரைப் பதிந்த அன்றே நீங்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவதில்லை, மாவட்ட அளவில் சரிபார்த்த பிறகே நிலை முடிவாகிறது. ஆகவே இவ்விரண்டு விண்ணப்பங்களையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் பயிற்சி இடங்களைப் போய்ப் பாருங்கள்.

எந்தப் பணம் எதற்கு உதவும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான சாரா உதவி, மைகார்ட் எனப்படும் அடையாள அட்டையில் வரும். பதிவு பெற்ற கடைகளில் அரிசி, மாவு, மருந்து போன்ற அடிப்படைப் பொருள்கள் வாங்கலாம், ஆனால் அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது. எஸ்.டி.ஆர். ரொக்கமாக வரும், ஆனால் ஆண்டில் சில தவணைகளாக வருவதால் மாத வாடகைக்கு அதை நம்பியிருக்க முடியாது. குடும்ப வருமானம் மாதம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவர்களும், 2,500க்கு உட்பட்ட தனியாள்களும் அதற்குத் தகுதி பெறுகிறார்கள். எஸ்.டி.ஆர். தவணை வரும் மாதத்தில் பயிற்சிக்கான பதிவுக் கட்டணம், சீருடை, பாதுகாப்புக் காலணி போன்ற ஒருமுறைச் செலவுகளை வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வரும் நல உதவியை வாடகைக்கு ஒதுக்குங்கள். சாராவைச் சமையலறைக்கு விடுங்கள். இப்படிப் பெயரிட்டுப் பிரித்தால், எந்தச் செலவுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை என்பது தாளில் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு செலவுக்காகத்தான் கோயிலையோ சங்கத்தையோ அணுக வேண்டும். பொதுவாக ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்கும் குடும்பத்தை விட, ‘மூன்று மாதத்துக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு மட்டும் வேண்டும்’ என்று கேட்கும் குடும்பத்துக்கு ஆள் முன்வருவார்.

மித்ராவைப் பற்றி எல்லாரும் கேட்பதால் ஒரு வார்த்தை. 2014இல் செடிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் மித்ராவான அந்த அரசுப் பிரிவு, இந்தியச் சமுதாயத்துக்கான பயிற்சித் திட்டங்களுக்கும் நிதி அளித்து வருகிறது. ஆனால் அதன் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பம் திறக்கும் காலமும் மாறும். கிடைத்தால் சேருங்கள். அதையே நம்பிக் குடும்பக் கணக்கைப் போடாதீர்கள்; அது சோறு அன்று, ஊறுகாய்.

பயிற்சிக்குப் பின் சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் உதவி பெறுநர்கள், சமூக நல இலாகாவின் தொடக்க மானியத்தைப் பற்றி விசாரிக்கலாம். அதன் உச்சவரம்பு 2,700 ரிங்கிட். தையல் இயந்திரமும் கொஞ்சம் துணியும் வாங்க அது போதும். கடை வாடகைக்குப் போதாது.

வீட்டில் நோயாளி இருந்தால்

சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் கணவரோ மனைவியோ இருக்கும் வீட்டில், அந்த நோயாளி முன்பு சொக்சோ பங்களித்தவரா என்று தவறாமல் கேளுங்கள். தகுதியிருந்தால் சுத்திகரிப்புச் செலவுக்கான உதவியும் இயலாமை ஓய்வூதியமும் அவர் பெயரில் கிடைக்கலாம். பயிற்சிக்குப் போகும் துணைவருக்கு அதைவிடப் பெரிய ஆதரவு வேறில்லை. சுத்திகரிப்பு வாரம் மூன்று முறை என்பதால், பயிற்சி நேரத்தை அந்த மூன்று நாளை வைத்தே முடிவு செய்யுங்கள். மாற்றுத்திறனாளியான ஒருவர் குறைந்த சம்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தால், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளித் தொழிலாளர் படித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போவதால் உதவி அறவே நின்றுவிடும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

வேலை கிடைத்த வாரத்தில்

உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் புதிய வேலையை மறைப்பவர்கள் உண்டு. சொக்சோ பங்களிப்பு தொடங்கியவுடன் அந்தப் பெயர் பதிவில் வந்துவிடும். பிறகு பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்லி கடிதம் வரும். மறைப்பதால் இன்னோர் இழப்பும் இருக்கிறது. படித்தொகை இன்னும் மிஞ்சியிருக்கும்போதே வேலை கிடைத்துவிட்டால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிஞ்சிய தொகையில் 25 விழுக்காடு ஒரே தொகையாகத் தரப்படும். நம் மாதிரிக் கணக்கில், மூன்றாம் மாத முடிவில் வேலை கிடைத்தால் மிஞ்சியது 1,900. அதில் 475 ரிங்கிட் கிடைக்கும். புதிய வேலையின் முதல் சம்பளம் வரும்வரை உள்ள நாலு வாரத்தை ஓட்ட அது உதவும். ஆகவே வேலை உறுதியான கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே சொக்சோவுக்குத் தெரிவியுங்கள்.

சமூக நல இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் தெரிவிக்கும்போது புதிய சம்பளத்தை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய சோதனைக் காலம் எத்தனை மாதம், வீட்டில் எத்தனை பேர், நோய்ச் செலவு எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுங்கள். வறுமைக்கோடு குடும்ப வருமானத்தை வைத்தே அளக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் கணக்கில் அதன் தேசிய சராசரி மாதம் 2,589 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமோ 1,700. ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் பெரிய குடும்பம், வேலை கிடைத்த பிறகும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கக்கூடும். அப்படியிருந்தால் பிள்ளைகளுக்கான உதவியைத் தொடரும்படி கேட்பதில் தவறில்லை.

துணை நிற்பவர்களுக்கு

ஒரு குடும்பத்துக்கு ஒரு தொண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகப்பிடத்துக்கும் வெவ்வேறு ஆள் கூடப் போனால், ஒருவர் கேட்டறிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போய்விடும். அதிகாரியின் பெயர், சென்ற தேதி, கேட்ட பத்திரம் ஆகியவற்றை அதே தாளின் அடியில் எழுதி வாருங்கள். தாள் குடும்பத்திடமே இருக்கட்டும். நீங்கள் ஒரு படம் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்கிய பிறகு மூன்று முறை கட்டாயம் அழைத்துப் பேச வேண்டும். முதல் வாரத்தின் வெள்ளிக்கிழமை, பயணம் தாங்குகிறதா என்று கேட்க. மூன்றாவது வாரத்தில், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க. படித்தொகை 80லிருந்து 50 விழுக்காட்டுக்கு இறங்கும் மாதத்தின் முதல் நாளில், வாடகை கட்டியாயிற்றா என்று கேட்க. “எல்லாம் சரியா இருக்கு அண்ணே” என்று பதில் வந்தால் அத்தோடு வைத்துவிடாதீர்கள். வாடகை ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.